கொழும்புத்துறையில் அகர வரிசை

போன மாசி மாதம் கல்விக் கந்தோரிலிருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒலிபெருக்கி பூட்டிய கார் ஒன்றில் தெருத் தெருவாகச் சொல்லித் திரிந்தும் பெற்றார் கூட்டத்துக்கு ஆட்கள் வரவில்லையாம். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கியும் இல்லாமல் நான் எப்படி ஆட்களைச் சேர்த்தேன் என்று கேட்டார்கள். சேர்த்த கதையைக் கேட்டவர்களுக்கு, சேர்க்கத் தெரியாமல் நின்ற கதையைத்தான் சொன்னேன். தேத்தண்ணீர் ஆறும்வரை சிரித்தார்கள். போகும்போது எழுதித் தரச் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கப் படிவத்தில் கட்டம் பார்த்து எழுதிய கை இது. கட்டம் இல்லாத தாளில் கொஞ்சம் ஓடத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சண்டிலிப்பாய்க்காரன். வீட்டில் புகையிலையும் மிளகாயும். ஒன்பது வயதிலேயே என்னைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கூட விடுதியில் விட்டுவிட்டார்கள். ஆகவே புகையிலைக்குத் தண்ணீர் கட்டத் தெரியாமல், ஆங்கிலேய அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவனாக வளர்ந்தேன். சோதனை பாஸ் பண்ணிய கையோடு கல்விக் கந்தோரில் வேலை கிடைத்தது. பயிற்சி ஆறு மாதம். முதல் மூன்று மாதம் பதிவேடு பார்த்தேன். அடுத்த மூன்று மாதம் மற்றவர்கள் பதிவேடு பார்ப்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான் பயிற்சி.

வேலையின் பெயர் வரவு உத்தியோகத்தர். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்க் காரணம் கேட்டு எழுதவேண்டும். ஊரில் எனக்கு வைத்த பெயர் பிள்ளைபிடிகாரன். நான் சைக்கிளில் போகிற நேரம் பார்த்து, சாப்பிட மறுக்கும் பிள்ளைகளுக்குத் தாய்மார் சோறு தீத்துவார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வகையில் பட்டணத்துப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கு நான் செய்த சேவையை எந்த அறிக்கையிலும் யாரும் குறிப்பிடவில்லை.

படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம் இருந்தது. நோய், தூரம், உடுப்பில்லாமை, பெற்றாரின் அசட்டை. ஒரு வீட்டில், ஆடு காணாமல் போனபடியால் பிள்ளை தேடப் போய்விட்டது என்றார்கள். நான் நெடுநேரம் யோசித்து, ஆடு வெகுதொலைவு போயிருக்கும் என்ற நியாயத்தில், "தூரம்" என்பதில் கோடு போட்டேன்.

அதைப் பார்த்துத்தான் ஜேக்கப் ஐயா என்னை முதல்முறையாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

ஜேக்கப் ஐயா எங்கள் மேலதிகாரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதிலேயே படிப்பித்து, பிறகு அரசாங்கத்துக்கு வந்தவர். வேட்டியும் கழுத்துவரை பூட்டிய கோட்டுமாகத்தான் வருவார். யாரையும் உரத்துப் பேசியதில்லை. ஆனால் அவர் அறைச் சுவரில் ஒரு மணிக்கூடு இருந்தது. யாரிலாவது குறை கண்டால் எழும்பி, மேசை லாச்சியைத் திறந்து, சாவியை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதற்குச் சாவி கொடுப்பார். காலையில் ஏற்கெனவே சாவி கொடுத்த மணிக்கூடு அது. எத்தனை முறுக்கு முறுக்குகிறார் என்பதை வைத்துத்தான் பிழையின் கனத்தை நாங்கள் அளந்துகொள்வோம். ஆட்டுக்கு மூன்று முறுக்கு. பிறகு கதிரையில் இருந்து, "ஆடு வந்திட்டுதோ?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். போய்க் கேட்டு வரச் சொன்னார். போனேன். ஆடு வந்திருந்தது, பிள்ளையும் பள்ளிக்கூடம் போயிருந்தது. அந்த வீட்டார் அன்றுதான் என்னை இருக்கச் சொன்னார்கள்.

ஐயாவுக்கு ஒரு ஆசை இருந்தது. பிள்ளை வராததற்குக் காரணம் கேட்டுத் திரிகிற கந்தோர், பிள்ளை வருவதற்கும் ஏதாவது செய்யவேண்டும். பெற்றாரைக் கூப்பிட்டுக் கதைக்கவேண்டும், படம் காட்டவேண்டும், வாசிக்கப் புத்தகம் கொடுக்கவேண்டும், என்னென்ன சோதனை இருக்கிறது, உபகாரச் சம்பளம் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லவேண்டும். கந்தோரில் மற்றவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். நான் ஒருவன்தான் துள்ளிக் குதித்தேன். வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் அறிவித்தல் அச்சடித்தேன். தடித்த எழுத்து, சுற்றிக் கரை, கீழே கந்தோரின் பெயர். சந்தை மதிலிலும் விளக்குக் கம்பங்களிலும் நானே பசை பூசி ஒட்டினேன். படவிளக்கு வைத்துப் படம் காட்டும் கூட்டம் அது. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் படவிளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்தவர். மற்றவர் நல்ல சால்வை போட்ட ஒரு பெரியவர். முன்வரிசையில் இருந்து கடைசிவரை பார்த்துவிட்டு, எந்தக் காணி என்று கேட்டார். மதிலில் அச்சடித்து ஒட்டுவதென்றால் அந்தப் பட்டணத்தில் ஒன்று ஏலம், அல்லது நீதிமன்ற வழக்கு. ஏலத்துக்கு வந்த மனிதருக்கு நான் சந்திரனின் படம் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு ஆறு முறுக்கு.

"தம்பி, உம்மடை அக்காவின்ரை கலியாணத்துக்கு மதிலிலை ஒட்டினனீங்களோ?" என்று கேட்டார் ஐயா.

இல்லை, வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள் என்றேன்.

"அப்ப?"

அவருடைய "அப்ப" என்பது ஒரு முழு அறிக்கை. எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு ஆட்கள் வருவதென்றால் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். சொல்லாத வீட்டார் பக்கத்து வளவிலேயே இருந்தாலும் வரமாட்டார்கள். சொன்ன வீட்டார் மழையிலும் வருவார்கள். சரி, இனி வீடு வீடாகப் போய்ச் சொல்லுவது என்று முடிவுசெய்தேன். முடிவுசெய்ததில் பிழையில்லை. அதை நான் ஒழுங்குபடுத்தப் போனதுதான் பிழை.

பட்டணத்து ஓரத்தில், கடற்கரையை ஒட்டிய கொழும்புத்துறையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் எனக்குப் பொறுப்பாக இருந்தது. இலவசக் கல்வி வருவதற்குச் சில வருஷம் முந்திய காலம். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிப்பதென்றால் சம்பளம் கட்டவேண்டும். கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளச் சோதனை ஒன்று இருந்தது. அதில் தேறினால் சம்பளம் இல்லை, புத்தகமும் கிடைக்கும். தேறாவிட்டால் அநேகமாக அதோடு படிப்பு முடிந்தது. ஆண் பிள்ளை கடலுக்கோ கடைக்கோ போகும், பெண் பிள்ளை வீட்டில் இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் பூமணி என்று ஒரு பிள்ளை. முதல்நாள் நான் வகுப்பில் வரவு வீதத்தைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டியபோது, கடைசி வாங்கிலிருந்து எழும்பி, "ஐயா, சனிக்கிழமையையும் சேர்த்துப் பிரிச்சுப் போட்டியள்" என்றாள். சேர்த்துத்தான் பிரித்திருந்தேன். அன்றிலிருந்து அந்த வகுப்பில் நான் கணக்குப் போடும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் போடுவேன். இந்தச் சோதனைக்கென்றே பிறந்த பிள்ளை.

படிவத்தில் தகப்பன் கையெழுத்து வைக்கவேண்டும். அதுவும் பள்ளிக்கூடத்தில், தலைமை வாத்தியாருக்கு முன்னால். வேறு யாரோ வைத்துக் கொடுத்த கையெழுத்துகளால் முன்பு வந்த தொல்லையில் பிறந்த விதி அது. படிவங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் கந்தோருக்கு வந்துவிடவேண்டும். அன்றைய மெயில் வண்டியில் கொழும்புக்குப் போகும். ஆகவே திங்கட்கிழமை பெற்றார் கூட்டம் வைப்பது, சோதனையைப் பற்றி ஐயா கதைப்பது, அங்கேயே எல்லாரும் கையெழுத்து வைப்பது என்று ஏற்பாடு.

நான் பிள்ளைகளின் பெயர் பதிந்த சேர்வு இடாப்பை எடுத்துத் தகப்பன்மாரின் பெயர்களை எழுதினேன். யாருக்கு முதலில் சொல்வது? பணக்காரனுக்கா, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருப்பவனுக்கா? எனக்கு அப்போது ஒரு ஒளி தோன்றியது. அகர வரிசை. அதில் பெரியவன் சிறியவன் இல்லை. யாருக்கும் மனவருத்தம் வர இடமில்லை. எழுத்துக்கு முன்னால் எல்லாரும் சமம். இந்த எண்ணம் தோன்றியபோது நான் என்னையே மெச்சிக்கொண்டேன் என்பதை மறைக்கவில்லை. கோடு போட்டு, இலக்கம், பெயர், குடியிருக்கும் ஒழுங்கை, சொன்ன நேரம், பதில் என்று ஐந்து நிரல் இட்டேன்.

சனிக்கிழமை காலை தொடங்கினேன். அம்பலத்தார் வீடு கடற்கரையில். ஆறுமுகத்தார் வீடு தெருவின் மற்ற அந்தத்தில். இராசையாவுக்காக மறுபடியும் கடற்கரை. இப்படிக் காற்சட்டையும் தொப்பியுமாக ஒரே தெருவில் மேலும் கீழுமாகச் சைக்கிள் ஓடினேன். கிணற்றடிப் பெண்கள் முதலில் முகத்தை மூடிச் சிரித்தார்கள். பிறகு மூடாமல் சிரித்தார்கள். மத்தியானத்துக்கு முன் தம்பிராசாவுக்குச் சொன்னேன். அவர் சங்கக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுப்பவர், சட்டை போட்ட மனிதர். அவருடைய மகனும் ஐந்தாம் வகுப்பு. நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

"அண்ணைக்குச் சொல்லியாச்சோ?" என்றார்.

அவர் அண்ணன் யாரென்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் முறைப்படி வரும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

அவருடைய அண்ணன் வல்லிபுரம். கடலுக்குப் போகிறவர். பூமணியின் தகப்பன். பெயர் "வ"வில் தொடங்கியபடியால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் அவருடைய முறை வந்தது. வேலிப் படலைக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். உள்ளிருந்து, "ஓம், கேள்விப்பட்டனான்" என்று ஒரு குரல் வந்தது. கடைசி நிரலில் "வருவார்" என்று எழுதினேன். எங்கள் ஊரில் ஒரு விசேஷத்துக்குச் சொல்லப் போன இடத்தில் "கேள்விப்பட்டனான்" என்று பதில் வந்தால், சொன்னவர் அந்த இடத்திலேயே கால் கழுவி உள்ளே போய்ச் சமாதானம் செய்யவேண்டும். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை நாலு மணி. முப்பது கதிரை, தேசிக்காய்த் தண்ணீர், மேசைக்கு விரிப்பு, மையும் பேனையும். தலைமை வாத்தியார் கணபதியர் புதுச் சால்வையோடு நின்றார். ஜேக்கப் ஐயா சரியாக நேரத்துக்கு வந்தார். வேறு வந்தவர்கள் நாலு பேர். கதிரை கொண்டுவந்த வண்டில்காரர் ஒருவர். முதன்முதல் சொன்ன அம்பலத்தார் ஒருவர். இந்தச் சத்தம் எப்போது முடியும் என்று கேட்க வந்த பக்கத்து வீட்டு அம்மா. நாலாமவர் தேசிக்காய்த் தண்ணீருக்கு வந்தவர் என்றே நினைக்கிறேன். குடித்ததும் காணோம்.

ஆனால் பள்ளிக்கூட வேலிக்கு அப்பால் இருமல் கேட்டது. கிடுகு ஓட்டைகளால் வேட்டிகள் தெரிந்தன. தெருவின் தகப்பன்மார் பாதிப்பேர் வேலிக்கு வெளியே நின்று ஐயா கதைத்ததை ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். வெளியே நின்று கேட்டால் போனதாகாது. அவர்களில் பதினொரு பேர் வல்லிபுரத்தின் சகோதரம், மைத்துனன், ஒன்றுவிட்ட சகோதரம். மூத்தவருக்குக் கடைசியில் சொன்ன கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரும் வாசல் மிதிக்கத் தயாராக இல்லை. படிவங்கள் அப்படியே மேசையில் கிடந்தன.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வல்லிபுரத்திடம் ஓடினேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். பெரிய கைகள். நிமிராமலே கதைத்தார்.

"நான் வரமாட்டன் எண்டு சொன்னனானோ? எனக்கு ஆரும் சொல்லேல்லை."

"ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சொன்னனான்தானே?"

"சொன்னனீர். ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சு, மிஞ்சினதை எனக்குச் சொன்னனீர். கடையிலை நிக்கிற தம்பிக்குச் சனிக்கிழமை. கடலுக்குப் போற அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை. பரவாயில்லை, சட்டை போட்டவைக்கு முதலிலை சொல்லுறதுதானே கந்தோர் வழக்கம்."

நான் பதறிப்போய் அகர வரிசையை விளக்கினேன். எழுத்தின் முன் எல்லாரும் சமம் என்ற தத்துவத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர் ஊசியை நிறுத்தி மிகவும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, வானா கடைசியோ?"

"கிட்டத்தட்டக் கடைசி."

"எனக்குப் பேர் வைக்கேக்கை எங்கடை அப்புவுக்கு இது தெரியாமல் போச்சு" என்றுவிட்டு மறுபடியும் வலையைப் பிடித்தார்.

சங்கக் கடைக்கு ஓடினேன். தம்பிராசா சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவர் தராசுப் படியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, தானும் மகனுடைய படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை என்றும், அண்ணனுக்கு முந்தித் தனக்குச் சொன்ன கூட்டத்துக்குப் போயிருந்தால் பிறகு அந்த ஒழுங்கையில் தான் குடியிருக்கமுடியாது என்றும் சொன்னார். "நீங்கள் எனக்குச் செய்தது மரியாதையில்லை ஐயா, மாட்டிவிட்டது" என்றார்.

அங்கிருந்து கணபதியரிடம். அவரே படிவத்தோடு வல்லிபுரம் வீட்டுக்கு வந்தால் விதியும் மீறப்படாது, காரியமும் நடக்கும் என்று கெஞ்சினேன். கூட்டத்துக்கு வராத மனிதனின் படலையைத் தலைமை வாத்தியார் தட்டுவதா என்று கேட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டார். ஒரு பக்கம் வலை, மறுபக்கம் சால்வை. நடுவில் நான் சைக்கிளோடு நின்றேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேறு எங்கு போவதென்று தெரியவில்லை. இடைவேளையில் பூமணி என்னிடம் வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்து ஆறுதல் வார்த்தைகள் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"ஐயா, பிழை விட்டது நீங்கள். கோவிச்சது அப்பு. வீட்டிலை இருக்கப்போறது நான். இது எந்தக் கணக்கு?"

நான் நேரே கந்தோருக்குப் போய் ஐயாவின் அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பட்டியலையும் நீட்டினேன். அவர் அதை மேலிருந்து கீழாக வாசித்தார். லாச்சி திறந்தது. நான் முறுக்குகளை எண்ணுவதை நடுவில் நிறுத்திவிட்டேன். அன்று அந்த மணிக்கூட்டின் வில் அறாமல் தப்பியது கடவுள் செயல்.

"சண்டிலிப்பாயிலை உந்த வழக்கம் இல்லையோ?" என்று திரும்பாமலே கேட்டார்.

இருக்கிறது, ஆனால் சொல்லப் போவது அம்மாவும் பெரியண்ணனும், நான் விடுதியில் இருந்தேன் என்றேன்.

"ம். நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன். என்னிட்டை வந்து நீர் உந்த வழக்கத்தைப் படிக்கவேண்டிக் கிடக்கு" என்றார். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்து, வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கொழும்புத்துறையில் ஒரு கூட்டம் என்று தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.

"என்ன கூட்டம் ஐயா?"

"சொல்லுறதுக்கு ஒரு கூட்டம் வேணும். முடிஞ்ச கூட்டத்துக்கு ஆரும் திருப்பிச் சொல்லேலாது. அங்கை என்ன கதைக்கிறதெண்டதைப் பிறகு பாப்பம்."

பிறகு, ஒரு மேலதிகாரி உதவியாளனுக்குச் சுற்றறிக்கை சொல்லி எழுதுவிப்பதுபோல, சொல்லும் முறையை எனக்குச் சொல்லி எழுதுவித்தார். அந்தத் தாள் நெடுங்காலம் என்னிடம் இருந்தது. காற்சட்டை கூடாது, தொப்பி கூடாது. சைக்கிளை ஒழுங்கை முகப்பில் விட்டுவிட்டு நடக்கவேண்டும். ஒருவராகப் போகக்கூடாது, இருவர் வேண்டும். கையில் தாள் இருக்கக்கூடாது. தாள் கண்டால் அழைப்பாணை என்று நினைப்பார்கள். படலையடியில் நின்று குரல் கொடுத்து, வரச் சொன்னபிறகு போகவேண்டும். நின்றபடி சொல்லக்கூடாது. இருந்ததும் சொல்லவும் கூடாது. கடல் எப்படி, பிடிபாடு எப்படி என்று கேட்கவேண்டும், பதிலையும் கேட்கவேண்டும். தருவதைக் குடிக்கவேண்டும். அதன்பிறகு நாள், நேரம், இடம் மூன்றையும் சொல்லி, நீங்கள் முன்னுக்கு நின்று நடத்தித் தரவேண்டும் என்று முடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், யார் யாருக்கு மூத்தவர் என்று கேட்டு அறியவேண்டும். அந்தக் கடைசி வேலையை அம்பலத்தாரின் மனைவி அரை மணித்தியாலத்தில் செய்து தந்தார். முழுத் தெருவின் உறவு முறையும் அவருடைய விரல் நுனியில் இருந்தது. எங்கள் கந்தோரில் அப்படி ஒரு இடாப்பு இல்லை.

இருவர் வேண்டுமே, மற்றவர் யார் என்று கேட்டேன். ஐயா தன் குடையை எடுத்தார்.

வியாழக்கிழமை நான் வேட்டி சால்வையில், ஐயா கோட்டில், இருவருமாக ஒழுங்கைக்குள் நடந்தோம். கிணற்றடியில் அன்று யாரும் சிரிக்கவில்லை. வல்லிபுரம் படலையைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ" என்றார். ஐயா கச்சான் காற்றைப் பற்றிக் கேட்டார். அவர் சொன்னார். இறாலைப் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னார். பூமணி மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பாராமல் போனாள். குடித்தோம். ஐயா என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்.

தெரு முழுவதற்கும் முதல்நாளே தெரிந்த செய்தி அது. வல்லிபுரம் அதை அப்போதுதான் கேட்பவர்போல நிமிர்ந்து இருந்தார்.

"அப்பிடியோ? எப்ப?"

"நாளைக்கு ரெண்டு மணிக்கு. நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

"பாப்பம்" என்றார். பிறகு, தம்பிக்குச் சொல்லியாயிற்றோ என்று கேட்டார். உங்களுக்குப் பிறகுதான் என்றேன். "நாலு மணிக்கு மேலை போங்கோ. அப்பதான் கடையிலை சனம் குறைவு, அவன் ஆறுதலா இருப்பான்" என்றார். வெளியில் வந்தபின் ஐயா எனக்கு ஒரு எச்சரிக்கை தந்தார். வெள்ளிக்கிழமை அவர் கூட்டத்துக்கு வரமாட்டார், கந்தோரில் இருப்பார், நாலு அடித்தால் பதிவுப் புத்தகத்தை மூடிவிடுவார். எனக்காக ஒரு நிமிஷமும் திறந்திருக்காது என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கே கதிரைகள் நிரம்பிவிட்டன. எல்லாரும் சலவை வேட்டி. கணபதியர் பூரித்துப்போய் நின்றார். படிவங்களை எடுத்து வைத்தேன். ஒருவரும் பேனையைத் தொடவில்லை. மூத்தவர் இன்னும் வரவில்லை. முதலில் சொல்லப்பட்டவர் கடைசியாகத்தான் வருவார் என்று அம்பலத்தார் எனக்கு மெதுவாகச் சொன்னார். இரண்டேகால் ஆயிற்று. இரண்டரை. கணபதியர் கல்வியின் பெருமையைப் பற்றி இருந்ததெல்லாம் கதைத்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பூமணி யன்னலோரம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். அவள் பார்க்காததையும் சேர்த்து நான் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வல்லிபுரம் வந்தார். பின்னால் நாலடி தள்ளித் தம்பிராசா. சபை எழும்பி இருந்தது. கணபதியர் தானே வாசலுக்குப் போய்ப் பேனையை நீட்டினார். எனக்கு உயிர் வந்தது. வல்லிபுரம் மேசைக்கு வந்து, படிவத்தைப் பார்த்து, பேனையை வாங்கி, திரும்பித் தம்பியிடம் நீட்டினார்.

"நீ முதலிலை வை. உன்ரை எழுத்து வடிவானது."

"அண்ணை நிக்க நானோ?"

"நான்தானே சொல்லுறன்."

"நீங்கள் சொல்லலாம். நான் வைக்கேலாது."

பேனை போனது, வந்தது, மறுபடி போனது. உறவினர் எல்லாரும் இந்த மரியாதையை நல்ல கூத்துப் பார்ப்பதுபோல நிறைவோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று இருபது. கொழும்புத்துறையிலிருந்து கந்தோருக்குச் சைக்கிளில் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தால் இன்னொரு பிழை விட்டுவிடுவேன் என்றும் தெரியும். அப்போது பூமணி யன்னலடியிலிருந்து எழும்பி வந்தாள். வாத்தியாரின் மேசையிலிருந்து இன்னொரு பேனையை எடுத்தாள். மேசையின் இந்தப் பக்கம் ஒரு படிவம், அந்தப் பக்கம் ஒரு படிவம் வைத்தாள்.

"அப்பு இஞ்சாலை, சித்தப்பா அங்காலை. ரெண்டு பேரும் ஒருமிக்க வையுங்கோ."

இருவரும் குனிந்தார்கள். பிறகு மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள். என்ன வரிசை என்று நான் கேட்கவில்லை.

நாலுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது ஐயாவின் மேசையில் படிவக் கட்டை வைத்தேன். வேட்டியில் சைக்கிள் சங்கிலி எண்ணெய், சால்வையை எங்கோ தவறவிட்டிருந்தேன். அவர் ஒவ்வொரு கையெழுத்தாக, அவசரப்படாமல் பார்த்தார். எல்லாவற்றையும் பதிந்து, மை ஒற்றி, புத்தகத்தை மூடியபோது நாலடித்தது. "தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

சோதனை நடந்தது. மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. தம்பிராசாவின் மகன் பெயர் இல்லை. அவனுக்கு இன்னொருமுறை எழுத வயதிருந்தது, அடுத்த வருஷம் தேறினான். பூமணியின் பெயர் இருந்தது. நான் வேட்டியை மாற்றி உடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் பறந்தேன். சைக்கிளை ஒழுங்கை முகப்பில் விட்டு, படலையடியில் நின்று குரல் கொடுத்தேன். கூட வர இன்னொருவர் இல்லை என்பதைத் தவிர, எல்லாம் தாளில் உள்ளபடி.

பூமணிதான் திறந்தாள். அப்பு கடலால் வர மத்தியானம் ஆகும் என்றாள். இருக்கிறேன் என்றேன். முற்றத்து வேப்பமரத்தின் கீழ் வாங்கு போட்டாள். இருந்தேன். செய்தி சட்டைப் பைக்குள் இருந்தது. தாயார் அடுக்களைக்குள் இருந்து இருமுறை எட்டிப் பார்த்தார். பூமணி தேத்தண்ணீர் தந்தாள். அரிசி புடைத்தாள். தங்கைக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் இந்த முறை முறை தவறுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வானத்தையும் வேலியையும் பார்த்தபடி இரண்டு மணித்தியாலம் இருந்தேன்.

வல்லிபுரம் மீன் பறியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையிலிருந்து வந்தார். கால் கழுவி வந்து இருக்கும்வரை பொறுத்தேன். கடல் எப்படி என்று கேட்டேன். பிறகு சொன்னேன்.

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார், நீண்ட நேரம் துடைத்தார். பிறகு, பிள்ளைக்குச் சொல்லியாயிற்றோ என்று கேட்டார்.

"இல்லை. உங்களுக்குத்தான் முதல்" என்றேன் பெருமையோடு.

அவர் என்னைப் பார்த்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளையை முன்னாலை வைச்சுக்கொண்டு, இவ்வளவு நேரமும் சொல்லாமல் இருந்தனீரோ? நீரும் ஒரு மனிசனோ காணும்?"

பூமணி சுளகை இறக்கி வைத்தாள். "எனக்கு அப்பவே தெரியும் அப்பு" என்றாள். "பெயில் எண்டால் ஐயா படலையடியிலையே சொல்லிப்போட்டுச் சைக்கிளிலை ஏறியிருப்பார்."